தொடுகையை அளந்த மேதை சேர் ஜகதீஸ் சந்திர போஸ்

வேலியோரத்திலும் விளையாட்டு மைதானத்தின் விளிம்பிலும் படர்ந்து கிடக்கும் தொட்டாற்சுருங்கியைச் சிறு வயதிலே தொட்டு விளையாடாதவர் எம்முள் எவருமிலர். விரல் பட்டதும் சிற்றிலைகள் இணையிணையாகக் கூம்பும். சற்று அழுத்தித் தொட்டால் இலைக்காம்பே மடங்கித் தொங்கும். கால்மணி நேரஞ் சென்றபின் ஒன்றும் நடவாதது போல் எல்லாம் மீண்டும் விரியும். அமெரிக்காவின் வெப்ப நாடுகளிலிருந்து வந்து எங்கள் மண்ணிற் களையாகப் பரவிய இச் செடியைத் தம் வாழ்நாளின் செம்பாதிக்குத் துணையாகக் கொண்ட ஒரு பேரறிஞரின் வரலாற்றை இம் மலரிலே எழுத முற்படுகின்றோம்.

சங்க மேடைகளிலே ஜகதீஸ் சந்திர போஸ் அவர்களின் பெயர் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. தாவரங்களுக்கு உயிர் உண்டென்று முதன்முதற் கண்டுபிடித்தவர் என்று அன்னாரைப் போற்றுவதே வழக்கம். பெரியோர்கள் எம்மைப் பொறுத்தருள வேண்டும். இப் புகழுரை அவருக்குப் பொருந்தாதது. தாவரம் உயிருள்ளது என்பதை அவர் பிறப்பதற்கு முன்னரே உலகம் அறிந்திருந்தது. தொல்காப்பியர் தாமும் மரபியலிலே உயிர்களை அறிவின் தொகையாற் பிரித்தபோது, மரஞ்செடிகளுக்கு உரிய ஓர் அறிவு தொடுகையை உணரும் அறிவே என வகுத்து வைத்தார். போஸ் செய்தது வேறு. ஒரு செடியைத் தொட்டால் அதனுள்ளே என்ன நிகழ்கின்றது, எவ்வளவு நேரத்தில் நிகழ்கின்றது, அச் செய்தி எவ் வழியாக எவ்வளவு விரைவிற் செல்கின்றது என்பவற்றைக் கருவி கொண்டு அளந்து காட்டினார். சொல்லுதல் வேறு, அளத்தல் வேறு. அளந்ததற்காக அவர் பட்ட பாடுகளும் பல.

இன்று பங்களாதேசத்தில் உள்ள மைமன்சிங்கிலே 1858 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30 ஆம் நாள் போஸ் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் பிரம சமாசத்தைச் சார்ந்தவர்; அரசாங்கத்தில் உதவி நீதவான் பதவி வகித்தவர். அக் காலத்தில் அத்தகைய உத்தியோகத்தரின் பிள்ளைகள் ஆங்கிலப் பாடசாலைக்குச் செல்வதே கௌரவம். தந்தையாரோ மகனைத் தாய்மொழிப் பாடசாலைக்கு அனுப்பினார். வகுப்பிலே ஒருபுறம் மீனவரின் மகன்; மறுபுறம் தந்தையாரிடம் வேலை செய்த இஸ்லாமியரின் மகன். ஆற்றிலும் வயலிலும் உள்ள பறவை, மீன், பூச்சிகளைப் பற்றி அப் பிள்ளைகள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆசையைத் தமக்கு ஊட்டின எனப் போஸ் முதுமையில் நினைவு கூர்ந்தார். பாடசாலைக்கு அவரைத் தோளிற் சுமந்து சென்ற வேலைக்காரரின் வரலாறும் வியப்பானது. அவர் முன்னாளிற் கொள்ளைக்காரர். பகவான் சந்திரராலேயே சிறைக்கு அனுப்பப்பட்டு, விடுதலையானபின் பிழைக்க வழியின்றி அவரிடமே வந்து வேலை கேட்டவர். தாம் தண்டித்தவனை நம்பித் தம் மைந்தனை அவன் தோளில் ஏற்றிய தந்தையின் நெஞ்சுரம் மகனுக்கும் வந்தது என்றே எண்ணுகின்றோம். மகாபாரதத்திலே அச் சிறுவரின் உள்ளங் கவர்ந்தவன் அருச்சுனன் அல்லன். தோல்வியிலும் தளராத கர்ணனே.

பின்னர் கல்கத்தாவிலே யேசு சபையார் நடத்திய புனித சவேரியார் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே லபோன் அடிகளார் பௌதிகத்தைப் புத்தகத்திற் படிப்பிக்காமற் பரிசோதனையாற் காட்டிக் கற்பித்தவர். மிஷன் பாடசாலையிற் படித்த நாமும் அத்தகைய ஆசிரியரின் அருமையை ஓரளவு அறிவோம். வீட்டிலே பாரதமும் கல்லூரியிலே பரிசோதனையும் ஒன்றையொன்று பகைக்காமல் அவருள்ளத்தில் வளர்ந்தன.

1880 இல் மருத்துவம் படிக்க இலண்டன் சென்றார். காய்ச்சல் விடாது வருத்தவே, அப் படிப்பைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார். பௌதிகத்திலே பெயர் பெற்ற றேலி பிரபுவும், தாவரவியலிலே வைன்ஸும், சாள்ஸ் டார்வினின் மைந்தர் பிரான்சிஸ் டார்வினும் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். ஒருவரே பௌதிகத்தையும் தாவரவியலையும் ஒருங்கே கற்ற இந் நிகழ்ச்சி பின்னாளிற் பெரும் பயன் தந்தது.

1885 இல் கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகப் பேராசிரியராக நியமனம் பெற்றார். அந் நாளிலே இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே கொடுக்கப்பட்டது. அவரது நியமனம் தற்காலிகமானது என்ற காரணத்தால் அதிலும் பாதியே கிடைப்பதாயிற்று. போஸ் சண்டையிடவில்லை, வேலையை விடவுமில்லை. மூன்று ஆண்டுகள் நாடோறும் சென்று படிப்பித்தார். சம்பளத்தை மாத்திரம் தொடவில்லை. தந்தையார் பலவகை முயற்சிகளிற் பணத்தை இழந்து கடன்பட்டிருந்த காலம் அது. 1887 இல் அவரை மணந்த அபலா அம்மையாரும் இவ் வறுமையிற் பங்கு கொண்டார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்த காரணத்தாற் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் அவ் வம்மையார். உடல்நலக் குறைவால் அதனை முடிக்காது திரும்பியவர். ஈற்றில் அரசாங்கம் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் நியமன நாள் முதற் கணக்கிட்டு வழங்கப்பட்டது. அப் பணம் தந்தையாரின் கடனைத் தீர்க்கச் சென்றது.

கல்லூரியிலே ஆராய்ச்சிக்கு வசதி ஏதுமில்லை. சிறிய அறையொன்றில், தகர வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளி ஒருவரைப் பழக்கி, கருவிகளைத் தாமே வகுத்தார். மின்னலைகளைப் பற்றிய ஆய்வினை 1894 இல் தொடங்கினார். ஏனையோர் நீண்ட அலைகளை ஆண்டுகொண்டிருக்க, இவர் 5 மில்லிமீற்றர் நீளமுள்ள அலைகளை உண்டாக்கினார். 1895 இற் கல்கத்தா நகர மண்டபத்திலே, கம்பியின்றிச் சுவரை ஊடுருவிச் சென்ற அலை, தொலைவிலிருந்த மணியை அடிக்கவும் வெடிமருந்தைக் கொளுத்தவும் செய்தது. கண்டுபிடிப்பினாற் பணமீட்ட அவர் விரும்பவில்லை. அலைகளை உணரும் கருவி ஒன்றுக்கு 1904 இல் அமெரிக்காவிற் காப்புரிமை கிடைத்ததுகூட விவேகானந்த சுவாமிகளின் சிஷ்யைகளாகிய நிவேதிதை அம்மையாரும் திருமதி புல் அவர்களும் வற்புறுத்தியதன் பயனே.

இந்த மின்னலைக் கருவியே அவரைச் செடிகளிடம் அழைத்துச் சென்றது. இதனைச் சற்று விளக்குதல் வேண்டும். அலைகளை உணரும் உலோகக் கருவி நெடுநேரம் வேலை செய்தபின் மந்தமாவதையும், ஓய்வு கொடுத்தால் மீண்டும் தெளிவதையும் அவர் கண்டார். களைத்த தசைநார் வரையும் கோடும் இக் கருவி வரைந்த கோடும் ஒன்றுபோலத் தோன்றின. உலோகத்திற்கும் தசைக்கும் இவ்வொற்றுமை இருக்குமாயின், இரண்டிற்கும் இடையிலுள்ள தாவரத்தின் நிலை யாது? தோட்டத்திற்குச் சென்று சில இலைகளைப் பறித்து வந்து சோதித்தார். பிறகு முள்ளங்கி, கரற் முதலிய சாதாரண கறிவகைகளை எடுத்தார்.

அவர் செய்த பரிசோதனை எளிமையானது. இலைக்காம்பு ஒன்றை நடுவிலே இறுகப் பிடித்து, இரு பக்கத்திலும் கம்பி தொடுத்து, கல்வனோமானியுடன் இணைத்தார். ஒரு பக்கத்தைக் குறித்த கோணத்திற்கு முறுக்கி விட்டார். முறுக்கிய கணமே ஒளிப்புள்ளி நகர்ந்தது. அஃதாவது காம்பினுள் மின்னழுத்தம் மாறியது. முறுக்கு மிகுந்தால் மின்மாற்றமும் மிகுந்தது. ஓய்வின்றித் திருப்பித் திருப்பி முறுக்கினாற் களைப்புத் தோன்றியது. குளோரபோம் ஆவியில் மயங்கியது. வெந்நீரிலிட்டுக் கொன்றபின் எவ்வளவு முறுக்கினும் புள்ளி அசையவில்லை. தொட்டாற் சுருங்காத முள்ளங்கியும் தொடுகையை உணர்கின்றது. இலையை அசைத்துக் காட்டும் வல்லமைதான் அதற்கு இல்லை. அசைவு வெளியே தெரியும் அடையாளம் மாத்திரமே. உணர்ச்சி மின்னிலே உள்ளது. போஸின் வாழ்க்கையில் இதுவே தலையாய கண்டுபிடிப்பு என்பது எமது துணிபு.

1901 மே மாதம் 10 ஆம் நாள் இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனிலே இதனை விளக்கிப் பெரும் பாராட்டுப் பெற்றார். பேச்சின் முடிவிலே, பலவற்றுள் ஒன்றைக் காண்பவர்க்கே உண்மை புலனாகும் என்று கங்கைக் கரையிலே முன்னோர் கண்ட கருத்தையும் நினைவூட்டினார். அடுத்த மாதம் 6 ஆம் நாள் றோயல் சொசைற்றியிலே அதே பொருளை வாசித்தபோது நிலைமை மாறிற்று. உடற்றொழிலியலில் அந்நாள் முதல்வராக விளங்கிய பேர்டன் சாண்டர்சன் எழுந்தார். பூச்சிகளைப் பொறிபோற் பிடிக்கும் வீனஸ் செடியிலே மின்மாற்றம் உண்டென்று 1873 இற் கண்டவர் அவரேயாவர். ஆயினும் அசைவில்லாத சாதாரண செடிகளிலும் அது உண்டென்பதை அவர் ஏற்கவில்லை. பௌதிகத்திற் புகழ் பெற்ற ஒருவர் பிறர் துறையிற் புகுந்தது தகாது என்ற கருத்தையும் வெளியிட்டார். கட்டுரைத் தலைப்பிலுள்ள உயிர்த் தூண்டற்பேறு என்னும் கருத்தை நீக்கி வெறும் பௌதிகத் தாக்கம் என மாற்றும்படி கேட்கப்பட்டது. போஸ் ஒரு சொல்லையும் மாற்ற மறுத்தார். கட்டுரை அச்சேறாமற் பெட்டகத்தில் உறங்கியது.

கடல் கடந்து வந்த தனி மனிதர், விடுமுறைக் காலம் முடிந்துகொண்டிருக்கும் அரசாங்க ஊழியர், தலைப்பில் ஒரு சொல்லை மாற்றியிருந்தாற் கட்டுரை வெளிவந்திருக்கும். நாமாயின் என்ன செய்திருப்போம் என்று எம்மையே கேட்டுப் பார்க்கின்றோம். விடை எமக்கு வெட்கத்தைத் தருகின்றது. போஸ் விடுமுறையை நீட்டிக் கொண்டு இங்கிலாந்திலேயே தங்கினார். இதற்கிடையிலே வாலர் என்னும் உடற்றொழிலியலாளர் அதே போன்ற முடிவுகளைத் தம்முடையனவாக வெளியிட்டார். முன்னர் பேசிய நாள்களின் பதிவு இருந்தமையால் முதன்மை போஸுக்கே உரியதெனத் தெளிந்தது. பழைய ஆசிரியர் வைன்ஸ் துணை நிற்க, 1902 இல் லினேயன் சங்கம் கட்டுரையை வெளியிட்டது. அதே ஆண்டில் அவரது முதற் பெரு நூலும் வந்தது. அதன் பின்னரும் கட்டுரைகள் தடைப்படவே, ஆய்வுகளை நூல்களாகவே எழுதலானார். அந் நூல்களின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திச் செப்பனிட்டவர் நிவேதிதை.

இனித் தொட்டாற்சுருங்கிக்கு வருவோம். ஓரிடத்தில் தொட்டால் தொலைவிலுள்ள இலையும் மடங்குவதேன்? செய்தி எவ்வாறு செல்கின்றது? ஜேர்மன் அறிஞர்களான பெவரும் ஹாபர்லான்ரும் இது வெறும் நீரமுக்கத்தின் வேலை என்றனர். இறப்பர்க் குழாயின் ஒரு நுனியை அமுக்கினால் மறு நுனியில் நீர் உந்துவது போல. தண்டின் ஒரு பகுதிக்குக் குளோரபோம் இட்டும் செய்தி கடந்து சென்றது என்பது பெவர் காட்டிய சான்று. குளோரபோம் உள்ளே உறைக்கவில்லை என்பது போஸின் மறுப்பு. இலைக்காம்பின் ஓரிடத்தைக் குளிரச் செய்தார். செய்தி தாமதித்தது, பின்னர் நின்றது. நஞ்சிட்டார், நின்றது. இயந்திர அசைவு சிறிதுமின்றி மெல்லிய மின்னால் மட்டும் தூண்டினார். அப்பொழுதும் செய்தி சென்றது. குழாய் நீருக்கு நஞ்சேது, குளிரேது? செல்வது உயிர்க் கலங்கள் கடத்தும் தூண்டலே என்று முடிவு கட்டினார்.

இவற்றை அளக்க அவர் அமைத்த கருவியின் நுட்பம் தனியே ஒரு கட்டுரைக்குரியது. மடங்கும் இலை தானே தன் அசைவைப் புகை படிந்த கண்ணாடியில் எழுத வேண்டும். ஆனால் எழுதுகோல் உராய்ந்தால் இலையின் சிறு வலு அதற்கே செலவாகிவிடும். எழுதுகோலை அதிரச் செய்து, கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு விலகிப் புள்ளி புள்ளியாக எழுத வைத்தார். உராய்வும் நீங்கிற்று, புள்ளிகளின் இடைவெளியே காலத்தின் அளவுமாயிற்று. தொட்ட கணத்திற்கும் இலை அசையத் தொடங்கும் கணத்திற்கும் இடையில் ஏறக்குறையப் பத்திலொரு விநாடி கழிவதையும், செய்தி விநாடிக்கு 30 மில்லிமீற்றர் வரை விரைந்து செல்வதையும் இச் செடியே எழுதிக் காட்டியது. மனித நரம்பின் வேகத்திற்கு முன் இஃது ஆமை நடையே.

அக் காலத்து வாதத்தில் வென்றவர் யார்? இன்று நாம் அறிந்தவரை, மென்மையான தொடுகையின் செய்தி மின்னலையாகவே செல்கின்றது. அவ் வகையிற் போஸின் முடிவு நிலைபெற்றது. வெட்டு, நெருப்பு முதலிய காயங்களில் நீரமுக்க மாற்றமும், இரிக்கா என்னும் இத்தாலியர் 1916 இற் காட்டியது போன்ற இரசாயனப் பொருளும் சேர்ந்து செல்கின்றன. ஆதலால் எதிர்த்தவர்களும் முற்றாகப் பிழைக்கவில்லை. தாவரத்திற்கு நரம்பு மண்டலம் உண்டென்று போஸ் பிற்காலத்தில் எழுதியதோ அளவு கடந்தது. செடியிலே நரம்பு இல்லை. உணவைக் கொண்டு செல்லும் உரியத்தின் உயிர்க் கலங்களே அவ் வேலையைச் செய்கின்றன. செய்தி செல்லும் பாதை உரியமே என்பதையும் நுண்கம்பி கொண்டு தேடிக் கண்டவர் அவரே என்பதால், பெயரிலே தவறினும் இடத்திலே தவறவில்லை எனலாம். உலோகமும் உயிர் போலக் களைக்கின்றது என்ற பகுதியை மேடையிற் பேசுவோர் விட்டுவிடுதல் நலம். ஒரே வடிவான இரு கோடுகள் ஒரே காரணத்தாற் பிறந்தவை ஆகா.

தொட்டவுடன் கலம் அதனை எவ்வாறு அறிகின்றது என்ற முதற் கேள்விக்கு அவர் காலத்தில் விடையில்லை. கலத்தைச் சூழ்ந்திருப்பது எண்ணெய்ப் படலம் போன்ற மிக மெல்லிய மென்சவ்வு. அதிலே புரதத்தால் ஆன வாயில்கள் பதிந்துள்ளன. வளவின் படலை போன்றவை அவை, சாதாரணமாகச் சாத்தியிருக்கும். மென்சவ்வு இழுபட்டாலோ அமுங்கினாலோ படலை திறக்கும்; மின்னேற்றமுள்ள அயன்கள் அவ் வழியே பாயும்; உடனே மின்னழுத்தம் மாறும். கைவிரலின் விசை மின் என்னும் மொழிக்குப் பெயர்க்கப்படும் இடம் இப் படலையே. இழுவையினால் திறக்கும் இத்தகைய வாயில்கள் கோழிக் குஞ்சின் தசைக் கலங்களில் உள்ளனவென்று 1984 இல் அறியப்பட்டது. லெபனானிற் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ந்த ஆடெம் பட்டபூட்டியனும் அவர் குழுவினரும், நுண்ணிய கண்ணாடி முனையாற் குத்தினால் மின்னோட்டம் காட்டும் எலிக் கலங்களை எடுத்து, ஐயத்திற்குரிய மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கி வந்தனர். எழுபத்திரண்டாவதை முடக்கியபோது அக் கலம் குத்தினாலும் உணரவில்லை. பியேசோ என்று பெயரிடப்பட்ட அவ் வாயில் 2010 இல் வெளியிடப்பட்டது. மூன்று வளைந்த இதழ்களுடன் காற்றாடி போன்ற வடிவினது. இதற்காக 2021 இல் நோபெல் பரிசில் அவர் பங்கு பெற்றார்.

தாவரங்களிலும் இத்தகைய வாயில்கள் உள. பேர்டன் சாண்டர்சன் ஆராய்ந்த அதே பூச்சி பிடிக்கும் செடியின் உணர் மயிர்களிலே விசையால் திறக்கும் புரதமொன்று மிகுந்திருப்பதை 2021 இற் கண்டனர். தொட்டாற்சுருங்கியிலோ மின்னலையுடன் கல்சியம் அலையும் விரைகின்றது. அது இலையடிப் புடைப்பை அடைந்ததும், கீழ்ப்பக்கத்துக் கலங்களிலிருந்து பொற்றாசியமும் குளோரைட்டும் வெளியேற, நீரும் பின்தொடர்கின்றது. விறைத்திருந்த கலங்கள் தளரவே காம்பு சாய்கின்றது. சுருங்க இயலாதபடி செய்யப்பட்ட செடிகளை வெட்டுக்கிளிகள் மிகுதியாகத் தின்றன என்பதை யப்பானிய ஆய்வாளர் 2022 இல் வெளியிட்டனர்.

போஸின் பிற்காலம் புகழ் நிறைந்தது. ஆதலால் அதனைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1914 இல் தொட்டாற்சுருங்கியையும் தானே இலையசைக்கும் தொழுகன்னியையும் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்று, அறிஞர் கண்முன்னே அவற்றை எழுத வைத்தார். 1917 இற் சேர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு தம் பிறந்த நாளிற் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார். நண்பர் தாகூர் அவ் விழாவிற்குப் பாடல் இயற்றினார். ததீசி முனிவர் தம் முதுகென்பை ஈந்து உருவாக்கிய வச்சிராயுதமே அந் நிலையத்தின் சின்னம். வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியைக் குறித்து 1920 இல் வாலர் மீண்டும் ஐயம் எழுப்பினார். போஸ் இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிலே அறிஞர் முன்னிலையிற் கருவியை இயக்கிக் காட்ட, அவர்கள் பத்திரிகை வாயிலாக அதன் உண்மையை உறுதி செய்தனர். அவ்வாண்டே றோயல் சொசைற்றி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் கட்டுரையைப் பெட்டகத்தில் வைத்த அதே சபை! எங்கள் இராமானுசன் அங்கு ஏற்கப்பட்டு அப்பொழுது இரண்டு ஆண்டுகளே கழிந்திருந்தன.

1937 நவம்பர் 23 ஆம் நாள், எழுபத்தொன்பதாம் ஆண்டு நிறைவிற்கு ஒரு வாரம் இருக்க, கிரிடி என்னும் ஊரிலே போஸ் காலமானார். அபலா அம்மையார் பெண் கல்விக்கும் விதவையர் நலனுக்கும் உழைத்து 1951 வரை வாழ்ந்தார். தகர வேலைத் தொழிலாளியுடன் தொடங்கி அவர் வகுத்த கருவிகள் பல கல்கத்தா நிலையத்தின் காட்சிச்சாலையிலே பேணப்பட்டு வருகின்றன.